கப் அளவோடு கிராமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையல் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி நீங்கள் போட்டிருந்த அளவுப் பட்டியலில் '1 கப் = 240 கிராம்' என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. தண்ணீருக்கு அது சரி, பாலுக்கும் கிட்டத்தட்ட சரி. மற்றதற்கெல்லாம் சரிவராது. 240 என்பது கப்பின் கொள்ளளவு, அதாவது மில்லி. அதே கப்பில் மைதா 125 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரை என்றால் சுமார் 200 கிராம், தேன் என்றால் 340. பட்டியலை நம்பி கேக்குக்கு 240 கிராம் மைதாவைக் கொட்டுகிறவருக்கு அடுப்பிலிருந்து செங்கல்தான் கிடைக்கும்.

அந்த 125-ம் அள்ளுகிற விதத்தைப் பொறுத்ததுதான். ஸ்பூனால் மாவை எடுத்துக் கப்பில் போட்டுத் தலைதட்டினால் இந்தக் கணக்கு வரும். கப்பையே மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 என்று ஏறிவிடும். டப்பென்று மேடையில் தட்டி அமுக்கினால் இன்னும் கூடும். சலித்த மாவை அளந்தால் குறையும். 'சலித்த மைதா ஒரு கப்' என்பதும், 'ஒரு கப் மைதாவைச் சலித்துக்கொள்ளவும்' என்பதும் ஒன்றல்ல. உங்கள் பக்கத்தில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. அளந்துவிட்டுச் சலிப்பதா, சலித்துவிட்டு அளப்பதா?

போதாக்குறைக்குக் கப்பும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. வெளிநாட்டுக் குறிப்பை எடுத்துப் போடும்போது எந்த ஊர்க் கப் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன?

அதற்காக எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றச் சொல்லவில்லை. வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 2 கிராம் ஈஸ்ட்டை அதில் வைத்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது. அதற்கு டீஸ்பூனே மேல். உப்பு மட்டும் விதிவிலக்கு. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் வரை நிற்கும், செதில் செதிலான உப்பு அதில் பாதிகூட வராமல் போகலாம். எந்த உப்பு என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. சில தராசுகளில் 'மில்லி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அது தண்ணீரையோ பாலையோ மனதில் வைத்துப் போடும் கணக்கு. 100 மில்லி எண்ணெய் எடை போட்டால் 92 கிராம்தான். தண்ணீர்க் கணக்கில் 100 காட்டும்வரை ஊற்றினால், உண்மையில் ஊற்றியது 109 மில்லி ஆகிவிடும்.

அடுத்த இதழில் பட்டியலைத் திருத்தி, பொருள்வாரியாகப் போடுங்கள். அப்புறம், இனி வரும் குறிப்புகளில் கப்புக்குப் பக்கத்திலேயே கிராமும் வரட்டும். அந்த எடையை எழுதுகிறவரே தன் சமையலறையில் போட்டுத் தர வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து மாற்றினால், அவர் மாவை ஸ்பூனால் எடுத்தாரா, கப்பால் அள்ளினாரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
சமையல் பக்க வாசகி