பெயர் 63, சிலிண்டர் நான்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். அன்றே பதில் எழுதுவதாகத்தான் நினைத்தேன். பிறகு அதன்மேல் ரசீதுகளும் விண்ணப்பங்களும் ஏறி உட்கார்ந்துகொண்டன. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை, கூடவும் இல்லை. சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். இப்போது எனக்கே அறிவுரை சொல்கிறாள். நீ கேட்ட பழைய புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், நீயும் நம்பிக்கொண்டே இரு.

விஷயம் வேறு. சுந்தரத்தின் பட்டறைக்கு, மெர்சிடிஸின் வேக வண்டிப் பிரிவான ஏ.எம்.ஜி. செய்த சி63 கார் ஒன்று வந்திருக்கிறது. 2007இல் வெளிவந்த தலைமுறை, எட்டு சிலிண்டர். யாருடையது என்று கேட்டால் அவன் வழக்கம்போல் கூரையைப் பார்க்கிறான். பானெட்டைத் திறந்தான். எஞ்சின் மூடியின் மேல் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு தகடு. அதில் ஒரு கையெழுத்து, நம் வாத்தியார் மதிப்பெண் பட்டியலில் போடுவது போல ஒரு கிறுக்கல், படிக்க முடியவில்லை. அந்த எஞ்சினைத் தனியாளாக நின்று முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட் வரை கோத்தவருடையது. ஒருவர், ஒரு எஞ்சின் என்பது அந்த ஆலையின் வழக்கம், உனக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, விரலால் தடவிப் பார்ப்பது வேறு. பிறகு சுந்தரம் சாவியைத் திருகினான். ஸ்பேனர் தட்டில் கிடந்த நட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. ஆக்ஸிலேட்டரை அவன் தொடக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து உன் வரி நினைவுக்கு வந்து தொலைத்தது. "சத்தம் என்பது வீணாய்ப் போகும் சக்திதான், அதற்கு எதற்கு இத்தனை ஒப்பாரி? புது சி63 நான்கு சிலிண்டரிலேயே 680 குதிரைத்திறன் தருகிறது, கைதட்டு." இதை எழுதிவிட்டு நீ சிரித்திருப்பாய். நான் அன்றிலிருந்து உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். மீதிச் சண்டை இந்தக் காகிதத்தில்.

முதலில் வாக்ஸன்பெர்கர். எரிக் வாக்ஸன்பெர்கர் மெர்சிடிஸில் சோதனைப் பொறியாளர். நிறுவனத்திடம் அப்போது 600 என்ற பிரம்மாண்டமான வண்டி இருந்தது. அதிபர்களும் அரசர்களும் பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு போவது. அதற்காகச் செய்த 6.3 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், எஞ்சினை இவர் யாருடைய உத்தரவும் இல்லாமல் அதைவிடச் சிறிய வண்டிக்குள் திணித்துப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் ரூடால்ஃப் உலன்ஹவுட்டுக்கு விஷயம் தெரிந்தபோது கோபப்படவில்லை, ஓட்டிப் பார்த்தார். 1968 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 300 எஸ்.இ.எல். 6.3 வந்து நின்றது. 250 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆறரை நொடி, உச்ச வேகம் மணிக்கு 220. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வியர்த்திருக்கும். தெரியாதவர் கண்ணுக்கோ அது வங்கி மேலாளர் அலுவலகம் போகும் வண்டி. டிக்கி மூடியில் சின்னதாக '6.3' என்ற எண். மற்றபடி எந்த ஆர்ப்பாட்டமும் கிடையாது. 1972 வரை 6,526 வண்டிகள் செய்தார்கள்.

அந்த '6.3' என்ற எண்ணைக் குறித்துக்கொள். பிறகு அதற்குத்தான் வருகிறேன்.

இதே காலத்தில் ஹன்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்று இருவர். மெர்சிடிஸில் பந்தய எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். கம்பெனி பந்தயத்தைக் கைவிட்டதும், குரோசாஸ்பாக்கில் ஆஃப்ரெக்ட்டின் வீட்டில் வைத்து எஞ்சினைக் குடைந்துகொண்டிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு 1967இல் புர்க்ஸ்டாலில் ஒரு பழைய ஆலைக்கட்டடத்தில் சொந்தமாகத் தொடங்கினார்கள். ஆஃப்ரெக்ட், மெல்ஷர், குரோசாஸ்பாக்: ஏ.எம்.ஜி. இரண்டு ஆட்களும் ஒரு ஊரும். நீ கல்லூரி விடுதியில் தொடங்குவதாகச் சொன்ன கம்பெனிக்கு நாம் வைத்த பெயர் நினைவிருக்கிறதா? எழுத வேண்டாம், இந்தக் கடிதத்தை வீட்டில் வேறு யாராவது படித்துவிடுவார்கள்.

1971 ஜூலை, பெல்ஜியத்தில் ஸ்பா 24 மணி நேரப் பந்தயம். சின்னச் சின்னப் பந்தய வண்டிகளுக்கு நடுவே ஐந்து மீட்டர் நீளமான சிவப்பு 300 எஸ்.இ.எல். ஒன்றை இவர்கள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எஞ்சினை 6.8 லிட்டராகக் குடைந்து 428 குதிரைத்திறன் எடுத்திருந்தார்கள். எடை 1,635 கிலோ. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள், ஹன்ஸ் ஹேயரும் கிளெமென்ஸ் ஷிக்கன்டான்ஸும் மாறி மாறி ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம், தங்கள் பிரிவில் முதலிடம் என்று கொண்டுவந்ததும் சிரிப்பு நின்றிருக்கும். முன்னால் போனது ஒரு ஃபோர்ட் கேப்ரி மட்டும். டயரையும் பெட்ரோலையும் இவ்வளவு தின்னாமல் இருந்திருந்தால் அதையும் பிடித்திருக்கும் என்று நான் சொல்வேன், நீ மறுப்பாய். 'சிவப்புப் பன்றி' என்று ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயர் இன்றுவரை நிற்கிறது.

வண்டிதான் நிற்கவில்லை. பிரான்ஸில் மாத்ரா நிறுவனம் அதை வாங்கி, நீளத்தைக் கூட்டி, விமானச் சக்கரங்களைச் சோதிக்கும் வண்டியாக ஓடவிட்டது. இன்று கண்காட்சிகளில் நாம் பார்ப்பது பின்னாளில் செய்த நகல். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு வயிறு எரியும் கதை இது.

நடுவில் உள்ளதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1986இல் ஏ.எம்.ஜி.யின் ஹேமர்: நடுத்தர ஈ வகை வண்டிக்குள் பெரிய வி8, 360 குதிரைத்திறன், 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். 1990இல் மெர்சிடிஸ் இவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. 1993இல் இருவரும் சேர்ந்து செய்த முதல் வண்டி சி36. 1999இல் பெரும்பான்மைப் பங்கு, 2005இல் முழு உடைமை. தனிக்காட்டு ராஜாவாகத் திரிந்த கடை அரண்மனைக்குள் குடிவந்துவிட்டது.

மெர்சிடிஸின் 500 ஈ வண்டியை மட்டும் வேகமாகக் கடந்து போக முடியாது. நாம் அதற்காக ஒரு தேர்வையே கோட்டைவிட்டோம், அல்லது நீ விட்டாய். 1990இல் வந்தது. மெர்சிடிஸின் வண்டிதான், ஆனால் மட்கார்டு அகலமாகிவிட்டதால் சிண்டெல்ஃபிங்கனில் இருந்த சொந்த ஆலையின் வரிசைக்குள் நுழையவில்லை! அந்த நேரம் போர்ஷே பணக்கஷ்டத்தில் இருந்தது. வேலையை அங்கே கொடுத்தார்கள். உடற்பாகங்கள் சுஃபன்ஹவுசனில் இருந்த போர்ஷே ஆலைக்குப் போகும், அங்கே கூட்டுவார்கள். பெயின்ட் அடிக்க சிண்டெல்ஃபிங்கனுக்குத் திரும்பும். எஞ்சின் பொருத்த மறுபடி போர்ஷேவுக்கு. கடைசியில் மறுபடி மெர்சிடிஸுக்கு. ஒரு வண்டி முடிய பதினெட்டு நாள். கணக்குப் பிள்ளை யாராவது அதைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டிருப்பார். 326 குதிரைத்திறன். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெரிதாகிப் பின்னிருக்கையின் நடு இடத்தைத் தின்றுவிட்டதால் பின்னால் இரண்டே பேர். குடும்ப வண்டியில் குடும்பத்துக்கு இடம் குறைத்துவிட்டு எஞ்சினுக்குக் கொடுத்திருக்கிறார்கள் பார். இப்படி ஒரு கூட்டத்தில் இன்று எவனாவது வாய் திறந்து சொல்ல முடியுமா?

இனி எண். 2006இல் ஏ.எம்.ஜி. முழுக்கத் தானே வடிவமைத்த முதல் எஞ்சின் வந்தது. சுந்தரத்தின் பட்டறையில் நிற்பதற்குள் இருப்பதும் அதுதான். அளவு 6,208 கன சென்டிமீட்டர். நியாயமாக 62 என்று போட வேண்டும். பழைய 6.3க்கு மரியாதையாக 63 என்று போட்டார்கள். சின்னப் பொய், அன்பில் சொன்னது, மன்னித்துவிட்டேன். பிறகு ஐந்தரை லிட்டர் இரட்டை டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாதனம்) வந்தபோதும் 63. நான்கு லிட்டர் வந்தபோதும் 63. அதையும் பொறுத்துக்கொண்டேன், வி8 இருந்ததே. 2022இல் புது சி63. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர். பெயர் மட்டும் 63.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும்: இவன் சிலிண்டரை எண்ணி அழுகிறான். இல்லை முரளி. நான்கு சிலிண்டர் ஒரு குற்றமே கிடையாது. மெர்சிடிஸின் 190 ஈ 2.3-16 வண்டியும் நான்கு சிலிண்டர்தான். இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் செய்த பதினாறு வால்வுத் தலையோடு 1983இல் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் 50,000 கிலோமீட்டரை மணிக்கு 247 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரியில் ஓடியது. அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் புது நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் திறப்பு விழாவில், எல்லோருக்கும் அதே வண்டியைக் கொடுத்துப் பந்தயம் விட்டபோது, லவுடா, பிராஸ்ட் போன்ற பெரிய பந்தய ஓட்டுநர்களை விட்டு முன்னால் வந்தவர், அன்று பெரிதாக யாரும் அறியாத ஐர்டன் சென்னா. அந்த வண்டியின் சிலிண்டரை எண்ணி எவனும் அழவில்லை.

அதுமட்டுமில்லை, புது எஞ்சினைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டுதான் போகிறது. இரண்டு லிட்டரில் 476 குதிரைத்திறன். டர்போவின் அச்சிலேயே சின்ன மின்மோட்டார். புகை வந்து சுழற்றும்வரை காத்திராமல் அதுவே சுழற்றிவிடும், ஃபார்முலா ஒன்னில் கற்ற வித்தை. 680இல் மீதியைத் தருவது பின்அச்சில் இருக்கும் இன்னொரு மின்மோட்டார், அதற்கென்று இரண்டு கியர். பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகத் திரவம் குளிர்விக்கிறது. மேசையில் பிரித்து வைத்தால் நீயும் நானும் ராத்திரி முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

கோளாறு எங்கே என்றால், எடை 2,111 கிலோ. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வங்கி மேலாளர் கப்பலைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனபோதுகூட அது இதைவிட ஏறக்குறைய அரை டன் குறைவு. அவ்வளவு சுமையையும் சுமந்துகொண்டு வெறும் மின்சாரத்தில் போகக்கூடிய தூரம் 13 கிலோமீட்டர். சத்தமோ, புகைக்குழாயிலிருந்து எடுத்து ஒலிபெருக்கி வழியாக உள்ளே ஊட்டப்படுகிறது. வீணாய்ப் போகும் சக்தி என்று நீ சொன்னாயே, அதை அவர்களே ஒலிபெருக்கி வைத்துத் திரும்பச் சேர்க்கிறார்கள்! இதற்கு உன் பதில் என்ன?

என் வருத்தம் இதுதான் என்று நேற்று இரவுதான் தெளிந்தது. முன்பெல்லாம் இந்த வண்டிகளை யாராவது ஒருவர் தன் ஆசைக்காகச் செய்தார். வாக்ஸன்பெர்கருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஆஃப்ரெக்ட் வேலையையே விட்டார். 500 ஈ-யை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. இந்தப் புதுவண்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது: இது புகை விதிக்கு, இது ஃபார்முலா ஒன் விளம்பரத்துக்கு, இது விவரத்தாளில் பெரிய எண்ணுக்கு. ஆசைப்பட்ட ஆள் யார் என்று மட்டும் தெரியவில்லை. வேறு எண் போட்டு விற்றிருந்தால் நானே வாயாரப் புகழ்ந்திருப்பேன்.

தகட்டைப் பற்றி இன்னும் ஒன்று. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டு, உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. நீ வரைந்த கியர்பாக்ஸ்கள் எத்தனையோ வண்டிகளுக்குள் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எந்த ஒன்றிலும் உன் பெயர் கிடையாது. வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு எழுத்து இருந்திருக்கும், அதையும் கணினி வந்ததும் எடுத்துவிட்டார்கள். உனக்கு அது உறுத்துகிறதா? எனக்கு உறுத்துகிறது, உன் சார்பில். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. அலுவலகத்தில் உன் மேசையைக் காலி செய்யும்போது அந்தப் பழைய வரைபடங்களைக் குப்பையில் போட்டுவிடாதே, எனக்கு அனுப்பு. சுந்தரமும் ஒன்று கேட்டான். எது என்று உனக்கே தெரியும், அந்த மூன்றாவது கியர் கடிக்கும் கதை.

அவன் அடிக்கடி விசாரிக்கிறான், உன்னை, உன் இருமலை, உன் தம்பி வாங்கிப்போன ஜாக்கை. ஜாக்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்.

பதிலில் நீ பி.எம்.டபிள்யூ.வை இழுத்துக்கொண்டு வருவாய், தெரியும். வா. ஆனால் ஒன்று: அவர்களுடைய புது எம்5-உம் ஹைபிரிட், எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது, அதுவும் 2,400 கிலோவைத் தாண்டுகிறது. முதலில் அந்த எடைக்கு ஒரு நியாயம் சொல்லிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிக்க வேண்டும்.

அன்புடன்,
பாஸ்கரன்