அம்மாட சம்பூர்க் கத்தரி பிழைச்சிட்டுது, கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுத்துச் சொல்லோணும் எண்டு நினைச்சு நினைச்சே நாள் போயிட்டுது, அதால எல்லாருக்கும் சேத்து இதிலயே எழுதுறன். கத்தரி பிழைச்சிட்டுது. நேத்து விதைக்கு விட்ட காய் நல்லா மஞ்சளாகிப் பழுத்து, நானே என்ட கையால ஆஞ்சனான்.

கதை தெரியாதவங்களுக்குச் சொல்லுறன். 2006 சித்திரையில சண்டைக்குப் பயந்து திருகோணமலைப் பக்கம் இருக்கிற எங்கட ஊர் சம்பூரால ஓடேக்க அம்மா எங்களை மட்டும்தான் இழுத்துக்கொண்டு வந்தவ, குசினியில அடுப்புக்கு மேல புகையில தொங்கின விதைப்பொட்டளி எல்லாம் அங்கயே போச்சு. 2015ல காணி திரும்பக் கிடைச்சுப் போய்ப் பாத்தா வீடும் இல்ல, வேலியும் இல்ல, பத்தைக்காடு. அதைப் பாக்க அம்மாவும் இல்ல, கிளிவெட்டி முகாமிலயே மோசம் போயிட்டா. அவட கத்தரி உருண்டையா, பச்சையில வெள்ளை வரி போட்டு, காம்பில முள்ளோட இருக்கும், பால்கறி வைச்சா வேற கறி தேவையில்ல. ஆரையம்பதியில கலியாணம் முடிச்ச சித்தி அந்த விதையில ஒரு பிடி கொண்டு போய் இடைக்கிடை நட்டு நட்டு வைச்சிருந்தவ எண்டு போன வருஷம்தான் எனக்குத் தெரியும். கடைசியா மிஞ்சின பதினொரு விதையைப் பேப்பரில சுத்தித் தந்தவ. மூண்டு முளைச்சது, ரெண்டு செத்துட்டுது. சித்தி, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

மிச்சம் இருந்த ஒண்டு, கச்சான் எண்ட வரண்ட காத்து தொடங்கினதும் மத்தியானத்தில துவண்டு விழும், பின்னேரம் நிமிரும், இலை மஞ்சளாகிக்கொண்டே போச்சு. தண்ணி காணாது எண்டு நான் இன்னும் இன்னும் ஊத்தினன். கடையொண்டில கேட்டதுக்கு மரத்தைப் பாக்காமலே ஒரு மருந்துப் போத்தலைத் தந்தாங்க, அடிச்சதில இருந்த பூவும் கொட்டிட்டுது. அண்டைக்கு இரவு நான் அழுதது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

பென்ஷன் எடுத்த விவசாயப் போதனாசிரியர் ஐயா, நீங்க அந்த வெயிலுக்குள்ள மூதூரில இருந்து பஸ் ஏறி உப்புவெளியில எங்கட வீட்டுக்கு வந்ததை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். அடித்தண்டில ஒரு துண்டு வெட்டித் தெளிஞ்ச தண்ணிக் கிளாசில தொங்கவிட்டு, பால் மாதிரி இழை இறங்கினா பக்டீரியா வாடல், இறங்காட்டி வேற வருத்தம் எண்டு சொல்லிட்டு நீங்க கதிரையில இருக்க, நான் மூச்சு விடாமப் பாத்துக்கொண்டு நிண்டன். ஒண்டும் இறங்கேல்ல. பிறகு ஓரத்தில மண்ணைக் கிண்டி வேரைக் காட்டினீங்க, முழுக்க முடிச்சு முடிச்சா இருந்தது. வட்டப்புழு, கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு, வேருக்குள்ள இருந்து முடிச்சு விழுத்தும். எங்கட கடற்கரை மணலில அதுக்கு நல்ல சுகம், வேர் தண்ணி எடுக்கேலாமத் தவிக்கேக்க நான் மேலால ஊத்தி என்ன பிரயோசனம்!

வேரைக் காப்பாத்தேலாது, கொப்பை வேற மரத்தின்ர வேரில ஒட்டிக் காப்பாத்தலாம் எண்டு நீங்க சொன்னதுதான் திருப்பம். சுண்டங்காய் மரத்தின்ர வேருக்கு அந்தப் புழுவும் வாடலும் லேசில அண்டாதாம். அது விதை போட்டு முளைக்கக் கனநாள் எடுக்கும், எங்களிட்ட அவ்வளவு நாள் இல்ல. அப்பதான் கந்தளாய் அக்கா தன்ட வேலியோரம் தானா முளைச்சு நிண்ட அஞ்சு கன்டை மண்ணோட கிண்டி, ஈரச்சாக்கில சுத்தி பஸ்ஸில குடுத்து விட்டவ. அக்கா, உங்கட தமிழும் என்ட சிங்களமும் அரைகுறை, ஆனா கன்டு ஒண்டும் வாடாம வந்து சேந்தது.

தோப்பூர் நானா, உங்கட கையை என்னெண்டு சொல்ல. பிளேட்டை நெருப்பில காட்டி, கன்டின்ர தலையை வெட்டி நடுவில பிளந்து, கத்தரிக்கொப்பை ஆப்பு மாதிரிச் சீவி இறக்கி, பொலித்தீன் கீலத்தால கட்டி, மேலால ஐஸ் பக்கட் பையைக் கவிழ்த்து நிழலில வைச்சீங்க. பத்து நாளைக்குத் திறக்கக் கூடாது எண்டு சொன்னதால நான் தொடவே இல்ல, பைக்கு வெளியால மட்டும் காலமையும் பின்னேரமும் பாப்பன். அஞ்சில மூண்டு கருகிட்டுது. ரெண்டு பிடிச்சது. காசு நீட்டினதுக்கு, உம்மாக்கும் இப்பிடி ஒரு கத்தரி இருந்தது, அது சுனாமியோட போயிட்டுது, எனக்கு நாலு விதை தந்தாப் போதும் எண்டு நீங்க சொன்னதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது நானா.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தேனீ வந்து வேற கத்தரிட மகரந்தத்தைச் சேத்துப்போடும் எண்டு பூவுக்கு வலைத்துணிப் பை தைச்சுக் கட்டினவ. ஆட்டோத் தம்பி சும்மாவே மூண்டு தரம் வேப்பம் புண்ணாக்கு ஏத்தி வந்தவர். ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.

விதையைக் கழுவித் தண்ணியில போட்டு, தாண்டதை மட்டும் எடுத்து நிழலில காயப் போட்டிருக்கிறன். காஞ்சதும் சாம்பல் பிரட்டி ஆறு பொட்டளி. ஒண்டு நானாக்கு, ஒண்டு கந்தளாய்க்கு, ஒண்டு ஐயாக்கு, ஒண்டு பிள்ளைக்கு, ஒண்டு தம்பிட அம்மாக்கு. மற்றது சித்திக்கு, அதை வாற ஞாயிறு நானே ஆரையம்பதிக்குக் கொண்டு போறன். மாரி மழை பிடிக்க முதல் சம்பூர்க் காணியிலயும் நடோணும், அதுக்கு இன்னொரு காய் மரத்தில பழுத்துக்கொண்டு நிக்குது.