விருத்தாசலத்துக்கு முன் முடிந்த டைனோசர் காலம்

அரியலூர்,
செப்டம்பர் 14

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மருமகனுக்கு வேலை நிரந்தரமானதையும், உன் முழங்கால் வலி ஓரளவு தணிந்திருப்பதையும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கே நான் நலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு மாலையில் அறிவியல் சொல்லித் தருவதால், ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்தும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பேத்தி யாழினியின் டைனோசர் ஆர்வத்தைப் பற்றியே இருந்தது. படப் புத்தகத்திலுள்ள இருபது பெயர்களையும் தடையின்றி ஒப்பிக்கிறாள் என்றும், ஆனால் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை என்றும், "அதையெல்லாம் யார் பாட்டி பார்த்தார்கள்?" என்று அவள் கேட்டபோது உன்னிடம் பதில் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடாதே, கோமதி. அவள் மனப்பாடம் செய்த இருபது பெயர்களையும்விட அந்த ஒரு கேள்வி பெரியது. டைனோசரை எந்த மனிதரும் பார்த்ததில்லை. ஒருவரும் பாராத உயிர்களை வெறும் கல்லை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதிலிருந்துதான் குழந்தைகளுக்கு இதைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன் காலத்தின் நீளம் அவளுக்குப் பிடிபட வேண்டும். கோடி என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஓசைதான். நான் வகுப்பில் செய்ததை நீயும் செய்து பார். அளவுகோலை எடுத்து, ஒரு மில்லிமீட்டர் ஓர் ஆண்டு என்று சொல். அவள் வயது ஏழு மில்லிமீட்டர். உன் வயதும் என் வயதும் ஆறரை சென்டிமீட்டர். சங்கப் புலவர்கள் பாடிய காலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவில், உங்கள் வீட்டுக் கதவின் உயரத்தில் நின்றுவிடும். அதன்பின் நீங்கள் என்னைப் பார்க்க வரும் இரயில் பாதையை அவளுக்கு நினைவூட்டு. அதே அளவில் ஒரு கிலோமீட்டர் பத்து இலட்சம் ஆண்டுகள். அரியலூர் நிலையம்தான் இன்றைய நாள். தாம்பரத்தில் இரயில் ஏறினால், அது ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம். டைனோசர் என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. வண்டி புறப்பட்டுச் சற்று நேரத்தில், 23 கோடி ஆண்டுக் கணக்கில், இரண்டு காலில் ஓடும் சிறிய டைனோசர்கள் தோன்றுகின்றன. செங்கற்பட்டைத் தாண்டியதும் ஜுராசிக் காலம் தொடங்குகிறது. முதுகில் தட்டுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் திண்டிவனத்தில் மேய்கிறது. விழுப்புரத்துக்கு வரும்போது, அதாவது ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் உள்ளே புகுந்து நம் அரியலூரை மூடத் தொடங்குகிறது. உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து, விருத்தாசலத்தை அடைவதற்குச் சற்று முன், 66 கிலோமீட்டர் மீதமிருக்கையில், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலம் முடிந்துவிடுகிறது. மனிதர் வந்தது எங்கே என்று அவள் கட்டாயம் கேட்பாள். நம்மைப் போன்ற மனிதர் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த முந்நூறு மீட்டர் அரியலூர் நடைமேடைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், அவள் புத்தகத்தில் ஸ்டெகோசாரஸும் டைரனோசாரஸ் ரெக்ஸும் சண்டையிடும் படம் இருந்தால் அதிலுள்ள பிழையை அவளே கண்டுபிடித்துவிடுவாள். முன்னது திண்டிவனம், பின்னது விருத்தாசலத்தின் வாசல். அவை இரண்டும் சந்தித்திருக்கவே முடியாது. காலக் கணக்கில் டைரனோசாரஸ், ஸ்டெகோசாரஸைவிட யாழினிக்குத்தான் அருகில் இருக்கிறது.

இனிக் கல்லுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி ஒரு சிறிய பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு மாணவனின் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கொடுத்த அம்மோனைட்டு. உள்ளங்கை அகலத்தில், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்டு, மேற்புறம் முழுவதும் வரி வரியாக எழும்பி நிற்கும். ஒரு பக்கம் உடைந்திருப்பதால் உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும் சுவர்கள் தெரியும். கணவாயின் தூரத்து உறவான ஒரு கடலுயிர் இதில் குடியிருந்தது. அது வளர வளர முன்னால் பெரிய அறை ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்கு நகர்ந்துவிடும். பின்னால் விட்ட அறைகள் அது நீரில் மிதப்பதற்கு உதவும். அது இறந்தபின் ஓடு சேற்றில் புதைந்தது. சேறு அடுக்கடுக்காக மேலே படிந்து பாறையானது. ஓட்டின் இடத்தைத் தாதுப்பொருள்கள் நிரப்பின. கடல் விலகிப் போனபின் அரியலூர் மண்ணில் அது கல்லாகக் கிடந்தது. உன் மாமியார் பூஜை அறையில் வைத்திருந்த சாளக்கிராமம் நினைவிருக்கிறதா? நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் இருக்கும் சக்கரமும் இதே அம்மோனைட்டு இனத்தின் பதிவுதான். இன்று இமயமலை நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் கடல் இருந்ததால்தான் அது அங்கே கிடைக்கிறது. அம்மோனைட்டு டைனோசர் அல்ல என்பதையும் அவளிடம் சொல்லிவிடு. இரண்டும் ஒரே உலகில் வாழ்ந்தன, ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்தன.

அப்படியானால் டைனோசர் என்பது எது? பெரிய உடல் என்பது விடையாகாது. கோழியளவு டைனோசர்களும் இருந்தன. சுவரில் ஓடும் பல்லியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். மாட்டின் கால்கள் உடலுக்கு நேர் கீழே தூண்களைப் போல நிற்கும். டைனோசரின் கால்கள் மாட்டினுடையவை போல உடலுக்குக் கீழே நேராக இருந்தன. வானில் பறந்த டெரோசார்களுக்கும், கடலில் நீந்திய இக்தியோசார்களுக்கும் டைனோசர் என்ற பெயர் பொருந்தாது. 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன், பயங்கரமான பல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரைச் சூட்டினார். குழந்தைகளின் அச்சத்துக்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நான் குழந்தைகளுக்குச் சொல்ல மிகவும் விரும்புவது, அறிஞர்கள் தவறிய இடங்களையும் பிறகு அவர்கள் திருத்திக்கொண்ட விதத்தையும்தான். இகுவானோடான் என்ற டைனோசரின் கூம்பு வடிவ எலும்பு ஒன்று முதலில் கிடைத்தபோது, அதைக் காண்டாமிருகத்தின் கொம்பைப் போல மூக்கின் மேல் வைத்துப் படம் வரைந்தார்கள். 1878இல் பெல்ஜியம் நாட்டின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்த பிறகே, அது கையின் கட்டைவிரல் முள் என்று தெளிவானது. நம் பக்கத்திலும் இப்படி நடப்பதுண்டு. ஏரியிலோ குளத்திலோ மண் எடுக்கும்போது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டால் டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டுவிடும். அவற்றில் பல, ஒரு சிப்பியையோ வேறு பொருளையோ நடுவில் வைத்துத் தாதுக்கள் படிந்து திரண்ட வெறும் கல்லுருண்டைகள். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும், ஓட்டில் நுண்துளைகள் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிச் சோதிப்பார்கள்.

அரியலூரில் டைனோசர் இல்லாமல் இல்லை. கல்லமேடு என்னும் ஊருக்கருகே யாதகிரி, அய்யாசாமி ஆகிய நிலவியலாளர்கள் பேருருவம் கொண்ட ஒரு டைனோசரின் எலும்புகளைக் கண்டு 1980களில் அதற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். அந்த எலும்புகள் பின்னர் உதிர்ந்து அழிந்துபோயின. இன்று எஞ்சியிருப்பவை எழுதிய குறிப்புகளும் படங்களும்தான். சான்று கையில் இல்லாததால் அது எவ்வளவு பெரியது என்ற வாதம் முடியவில்லை. என் மாவட்டத்து மண்ணில் இருந்த அந்தப் பெரிய சான்றைக் காக்க முடியாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கிடைத்ததைக் காப்பதும் கண்டுபிடிப்பின் பாதி என்பதை யாழினி இந்தக் கதையிலிருந்து அறியட்டும்.

காக்கப்பட்ட ஒன்றையும் சொல்கிறேன். கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோண்டி எடுத்த எலும்புகளைச் சேர்த்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள எலும்புக்கூடாக நிறுத்தியிருக்கிறார்கள். 1961 தாகூர் பிறந்ததன் நூற்றாண்டு என்பதால் பாராபாசாரஸ் தாகூரி என்று பெயர். வங்காளியில் பெரிய கால் என்பதே பாராபா. அதன் மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்கள் மட்டும் கிடைத்தன. முழு உருவத்தில் எது கிடைத்தது, எது ஊகித்துச் செய்தது என்று பிரித்துக் கேட்கும் பழக்கத்துக்கு இது நல்ல பாடம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது குஜராத்திலுள்ள தோலி துங்கிரியில் கிடைத்த ஒரு பாறை. 1980களில் தனஞ்சய் மொகாபே என்ற நிலவியலாளர் அதை எடுத்தார். அதில் டைனோசர் முட்டைகளும் ஒரு குஞ்சின் எலும்புகளும் இருந்தன. எல்லா எலும்புகளையும் குஞ்சினுடையவை என்றே அவர் கருதினார். 2001இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி வில்சன் அதே பாறையைப் பார்த்தபோது, சில முதுகெலும்புகளின் இணைப்பு பாம்புக்கு உரியது என்று கண்டுகொண்டார். நசுங்கிய முட்டை ஒன்றைச் சுற்றி மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு சுருண்டு கிடக்க, அருகே அரை மீட்டர் நீளக் குஞ்சு ஒன்று இருந்தது. குஞ்சை விழுங்க வந்த பாம்பும் கூடும் ஒரே வேளையில் மண்ணில் மூடுண்டு போயிருந்தன. இன்றைய மலைப்பாம்பைப் போல வாயை மிக அகலமாகத் திறக்க அந்தப் பாம்பால் முடியாது. ஆகவே முட்டையை விழுங்காமல், குஞ்சு பொரிந்து வெளிவரும் வேளைக்காக அது கூட்டில் காத்திருந்திருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 2010இல் அதற்குச் சனாஜே என்று பெயரிட்டார்கள். பெரிய யானைகளையும் மிஞ்சி வளரக்கூடிய ஒரு விலங்கு, பிறந்த நாளில் பாம்புக்கு இரையாகும் அளவு சிறியதாக இருந்தது என்று சொன்னபோது, என் வகுப்பில் டைனோசருக்குப் பயந்த பிள்ளைகள் அந்தக் குஞ்சுக்காகக் கவலைப்பட்டார்கள். யாழினியின் இரவு விளக்குக்கும் இந்தக் கதை உதவக்கூடும்.

அவை எப்படி மறைந்தன என்பதையும் மறைக்காமல் சொல். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோ கரையில் மோதியது. இரிடியம் என்ற அரிய உலோகம் உலகின் பல இடங்களில் ஒரே களிமண் படிவத்தில் மிகுந்திருப்பதைக் கண்டு, விண்கல் மோதியிருக்க வேண்டும் என்று லூயி ஆல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் 1980இல் கூறினார்கள். மோதிய இடம் பின்னரே தெரியவந்தது. அதே காலத்தில் நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து ஓடியது. இன்றைய மகாராஷ்டிரத்தின் கரும்பாறைகள் அவற்றின் மிச்சம். தூசியும் புகையும் சூரிய ஒளியைத் தடுக்கவே செடிகள் வாடின, அவற்றை உண்டவை பட்டினியால் மாய்ந்தன. ஆனால் அவை முழுவதுமாகப் போய்விடவில்லை. சிறிய, இறகு கொண்ட ஒரு கிளை பிழைத்தது. 1996இல் சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் உடலில் மயிர் போன்ற மெல்லிறகுகள் இருந்ததைப் பார்த்தபின், பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்பதில் அறிஞர்களின் ஐயம் பெரிதும் நீங்கிவிட்டது. உங்கள் மொட்டைமாடிக்குச் சோற்றுக்கு வரும் காக்கையின் காலை அவளைக் கூர்ந்து பார்க்கச் சொல். செதில் படிந்த அந்தக் காலும், முன்னோக்கி விரிந்த மூன்று விரல்களும் எந்தப் பழைய உறவிலிருந்து வந்தவை என்று அவளே சொல்லட்டும்.

பொங்கல் விடுமுறையில் அவளை இங்கே அழைத்து வா. வாரணவாசி அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைப் பார்த்துவிட்டு, காரையின் சிவந்த ஓடைப் பள்ளங்களுக்குப் போகலாம். தடித்த அடியுள்ள செருப்பும் தொப்பியும் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேலான நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரத்தையும் காட்ட வேண்டும்.

பெட்டியை அவளே திறக்கட்டும். முதல் நாள் அம்மோனைட்டு என்ற பெயரைச் சொல்லிவிடாதே. அவள் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் சுவர்களை எண்ணி, இது என்ன என்று தானாகச் சொல்வதை வரி மாறாமல் எழுதி அனுப்பு.

உன் அன்புத் தோழி,
வசந்தா