எங்கள் கிணற்றடி மண்ணையும் ஒருமுறை வாசியுங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தாருக்கும் விவசாய பீடத்தாருக்கும், வடக்கின் நிலத்தடி நீரைக் கவனிக்கும் அரச அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உயர்தர மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட. எங்கள் கிணற்றில் வானவில் நிறத்தில் படலம் மிதந்த நாட்களில், அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனையைக் காட்டிக் கொடுத்தேன். அள்ளிய தண்ணீரை வெள்ளைப் பேசினில் ஊற்றி அசையாமல் விட்டு, தென்னோலை ஈர்க்கால் படலத்தின் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும். இரும்புப் பற்றீரியாக்கள் உண்டாக்கிய படலம் என்றால் கண்ணாடிச் சில்லுப் போல உடைந்து, உடைந்தபடியே கிடக்கும். எண்ணெய் என்றால் கிழித்த இடம் உடனே கூடிவிடும். நாங்கள் மூன்று தரம் கிழித்தோம். மூன்று தரமும் கூடிவிட்டது.

பிள்ளைகளில் சின்னவள் கேட்டாள்: "ரீச்சர், மண்ணில் இருக்கிற கிருமிகள் இதைத் தின்று முடித்துவிடாதா?" அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் பாதிப் பதில். மற்றப் பாதியை உங்களிடம் கேட்கவே இந்த மடல்.

நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். சுன்னாகம் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு எங்கள் நிலத்தடி நீரில் கலந்தது. பவுசரில் தண்ணீர் வந்தது, மக்கள் வீதிக்கு இறங்கினார்கள், வழக்கு நடந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நிலத்துக்கடியில் போனதைத் தீர்ப்பால் வெளியே எடுக்க முடியாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுகிறது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் எங்களுக்குக் கிணற்றை விட்டால் வேறில்லை. கீழே இருப்பதோ வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் தலைகாட்டும்.

எண்ணெயில் எல்லாம் ஒரே மாதிரி அழிவதில்லை. நேர்ச் சங்கிலியாக உள்ள சேர்வைகளைப் பற்றீரியாக்கள் ஓரளவு இலகுவாகத் தின்றுவிடும். பென்சீன், தொலுயீன், நப்தலீன் போன்ற அரோமற்றிக்குச் சேர்வைகள்தான் முரண்டு பிடிப்பவை. ஆறு காபன் அணுக்களும் இலத்திரன்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு வளையமாக நிற்பதால் அந்த வளையத்தை உடைப்பது பெரும்பாடு. குடிநீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையைப் பார்த்தாலே இது எவ்வளவு பொல்லாதது என்று விளங்கும்.

ஆனாலும் வளையத்தை உடைக்கத் தெரிந்த பற்றீரியாக்கள் உண்டு. ஒட்சிசன் இருக்கும் இடத்தில், முதலில் ஒரு நொதியம் ஒட்சிசன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் வளையத்தில் ஒட்டிவைக்கும். பல பாதைகள் அப்படியே கட்டெக்கோல் என்ற இடைநிலைச் சேர்வையில், ஒரு சந்தியில் போல, வந்து சேரும். அங்கிருந்து வேறொரு நொதியம் வளையத்தை வெட்டித் திறக்கும். ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் முற்றிலும் வேறு நொதியங்கள் வேலை செய்யும். இவை ஒவ்வொன்றுக்கும் மரபணு உண்டு. அந்த மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் போல வரிசையாக இருக்கும். ஆகவே ஒரு பற்றீரியாவின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதையும், எழுத்தெழுத்தாக வாசித்தால், அது எந்த வளையத்தை எந்த வழியால் உடைக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். பாதை நடுவில் அறுந்திருந்தால் அதுவும் தெரியும். அறுந்த பாதை ஆபத்தானது. கட்டெக்கோல் அழியாமல் தேங்கினால் அதுவும் ஒரு நஞ்சுதான்.

பற்றீரியாவின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஆச்சரியம் குறைவதில்லை. ஜப்பானில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் பியூட்டிடா எம்.டி.-2 என்ற பற்றீரியா தொலுயீனைத் தின்று வாழும். அதன் வழித்தோன்றலான கே.டி. 2440 தின்னாது. இனம் ஒன்று, வம்சம் ஒன்று. வேறுபாடு ஒரு பிளாஸ்மிட்டில். பிரதான நிறமூர்த்தத்துக்கு வெளியே வளையமாகச் சுற்றிக் கிடக்கும் டி.என்.ஏ. துண்டு அது, தொலுயீனை உடைக்கும் மரபணுக்கள் அதில்தான் இருந்தன. அதை இழந்ததோடு அந்தத் தொழிலும் போய்விட்டது. 2002இல் கே.டி. 2440இன் ஏறத்தாழ 62 இலட்சம் எழுத்துகளையும் வாசித்து முடித்தபோது, அதற்கு எந்தெந்த அரோமற்றிக்குச் சேர்வைகளைச் சாப்பிடத் தெரியும் என்பதை மரபணுக்களைக் கொண்டே வரிசைப்படுத்த முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சில காலத்துக்கு முன் ஒரு விற்பனையாளர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, "எண்ணெய் தின்னும் பற்றீரியா" என்று போத்தல் போத்தலாகக் காட்டினார். போத்தலில் ஓர் இனப் பெயர் மட்டும் அச்சடித்திருந்தது. குடிக்கிற கிணற்றில் அதைக் கொட்டச் சம்மதிக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வெளியிலிருந்து ஆள் கொண்டுவர முன், உள்ளூரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? 1989இல் எக்சன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரையில் ஒதுங்கியபோது, நைதரசனும் பொசுபரசும் உள்ள உரத்தைத் தூவி, அந்தக் கரையிலேயே இருந்த பற்றீரியாக்களைத்தான் தூண்டினார்கள்.

எங்கள் மண்ணில் இன்னொரு விசேடம் இருக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தாலும் மலக்குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதி. அது தனியே ஒரு கேடு, கைக்குழந்தைகளுக்குக் கூடாது. ஆனால் ஒட்சிசன் இல்லாத இடத்தில் நைத்திரேற்றைச் சுவாசித்துக்கொண்டே தொலுயீனை உடைக்கும் பற்றீரியாக்கள் உலகில் இருக்கின்றன. ஒரே தண்ணீரில் இரண்டு நஞ்சும் சேர்ந்திருக்கும் எங்கள் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் அப்படிப்பட்டவை குடியிருக்கின்றனவா? இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி இந்த மண்ணில் படிக்கும் ஒரு மாணவருக்கு எங்கே கிடைக்கும்?

ஆகவே நான் கேட்பது இதுதான். படலம் கண்ட கிணறுகளின் நீரையும் அவற்றைச் சுற்றியுள்ள மண்ணையும் வெவ்வேறு ஆழங்களில் எடுத்து, அங்கு வாழும் பற்றீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை வாசியுங்கள். டி.என்.ஏ. வாசிக்கும் கருவி கைக்குள் அடங்கும் அளவில் வந்துவிட்ட காலம் இது. வாசித்த பிறகு, எந்தப் பற்றீரியா எந்தச் சேர்வையை உடைக்கும், எதை உடைக்காது என்ற கணிப்பை எழுதித் திகதியிட்டு வையுங்கள். ஆய்வுகூடச் சோதனை அதன் பிறகுதான் தொடங்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் கணிப்புக்கு மதிப்பில்லை. விடையைப் பார்த்துவிட்டு வினாவுக்கு எழுதும் பிள்ளைக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை.

சோதனையை விட்டுவிட மட்டும் வேண்டாம். மரபணு இருப்பதால் வேலை நடக்கிறது என்று ஆகிவிடாது. மரபணு உறங்கிக் கிடக்கலாம். பக்கத்தில் இலகுவான உணவு கிடைத்தால் பற்றீரியா வளையத்தைத் தொடாமலே விடலாம். பைபீனைல் என்ற இரட்டை வளையத்தைத் தாக்கும் நொதியத்தில், அமெரிக்காவில் கண்ட ஒன்றுக்கும் ஜப்பானில் கண்ட ஒன்றுக்கும் ஏறத்தாழ 460 அமினோ அமிலங்களில் இருபதளவுதான் வேறுபடுகிறது. ஆனாலும் அவை உடைக்கும் சேர்வைகள் பெரிதும் வேறு. கணினி இரண்டையும் ஒரே பெயரில்தான் குறிக்கும். சோதனைகளில் சில பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடியவை. ஒருவகை நொதியம் உள்ள பற்றீரியாக்களின் வெண்ணிறக் கூட்டத்தின்மீது கட்டெக்கோல் கரைசலைத் தெளித்தால், வளையம் வெட்டுப்பட்டுச் சற்று நேரத்தில் அது மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளை எங்கள் பிள்ளைகள் தங்கள் கண்ணால் காண வேண்டும்.

முடிவுகளைத் தமிழிலும் எழுதி, மாதிரி எடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். கணிப்புப் பிழைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. பல ஆண்டுகள் தண்ணீரைச் சந்தேகத்தோடு குடித்தவர்களுக்கு, இந்தப் பற்றீரியா இதைச் செய்யாது என்று உறுதியாகத் தெரிவதே பெரிய ஆறுதல்.

எங்கள் கிணற்றிலிருந்து தொடங்கலாம். விடியற்காலை ஆறு மணிக்கு முன் வாருங்கள். வாளி இறங்கிக் கலக்குவதற்கு முன் மேற்பரப்பை உள்ளபடி பார்க்கலாம். படலை திறந்திருக்கும். வெள்ளைப் பேசினும் ஈர்க்கும் திண்ணையில் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
சுன்னாகத்து ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்