மலைப்பாதையில் யார் எதைப் பார்த்துக்கொள்வது

அன்புள்ள மச்சான்,

நலம். வீடு மாற்றுகிற அலைச்சலில் உனக்குப் பதில் எழுதுவது தள்ளிப்போயிற்று. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடி முடிந்தது. காலையில் பேப்பரை வீடு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிக்கிறார். சின்னவன் பள்ளி மாறியிருக்கிறான். புது வகுப்பில் இன்னும் யாரோடும் ஒட்டவில்லை, அது ஒன்றுதான் மனதில் கிடக்கிறது. நீ புது ஊரில் ஐந்து பேரைத் தேடிப் பிடித்து, மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைவிளையாட்டை நடத்துகிற டிஎம் ஆகிவிட்டாய் என்று படித்ததும் அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். வேலை, பிள்ளைகள், தூரம் என்று எவ்வளவோ விட்டுப்போனது. இது ஒன்றாவது நம் இருவரிடமும் தங்கியிருக்கிறதே.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் ஆட்டத்தின் கதையில் துறைமுகத்திலிருந்து மலைக்கோட்டை வரை ஒன்பது நாள் பயணம். தினமும் பகடை உருட்டினாய். ஓநாய் வந்தது, கொள்ளையர் வந்தார்கள், மறுபடி ஓநாய் வந்தது. நான்காம் நாளுக்குள் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். 'ஒன்பது நாள் நடந்தீர்கள், கோட்டை வந்தது' என்று ஒரே வரியில் தாண்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாண்டலாம். கதை முழுக்கக் கோட்டைக்குள்தான் என்றால் அதுவே சரி. ஆனால் கணவாய்க்கு, ஆற்றுக்கு, பாழடைந்த சுங்கச்சாவடிக்கு எல்லாம் நீ பெயர் வைத்திருக்கிறாய். அந்தப் பாதை உனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் விட்டுக்கொடுக்காதே.

எனக்குத் தோன்றுவது இது. உன் பயணத்தில் ஆபத்துக்குக் குறைவில்லை. வந்த ஆபத்தெல்லாம் மொத்தப் பார்ட்டியின், அதாவது பயணக் குழுவின், மேல் வந்து விழுந்தது. தனி ஒருவரிடம் வந்து நிற்கவில்லை. 'என்ன செய்கிறீர்கள்?' என்று ஐந்து பேரையும் சேர்த்துக் கேட்டால் சத்தமாகப் பேசுகிற ஒருவர் பதில் சொல்வார், மற்ற நால்வர் காத்திருப்பார்கள். பயணம் உயிர் பெற வேண்டுமானால் புறப்படும் முன்பே ஆளுக்கு ஒரு பொறுப்பு வேண்டும். ஆபத்து அந்தப் பொறுப்பின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இது ஒன்றும் புதிதில்லை. 1974-இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதன்முதலில் வந்தபோது, காட்டுப் பயணத்துக்கு அவலான் ஹில் 1972-இல் வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' என்ற விளையாட்டின் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வழி தவறுவதற்கு அப்போதே நிலத்துக்கு நிலம் விதி இருந்தது. அதே விளையாட்டின் 1981 பேசிக் பெட்டியில் இரண்டு வேலைகள் கதாபாத்திரத்துக்கு இல்லாமல் விளையாடுகிறவருக்கே கொடுக்கப்பட்டிருந்தன: குழு முடிவைக் கேட்டு டிஎம்மிடம் சொல்லும் காலர், கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடும் மேப்பர். டிஎம் வாயால் சொல்வதைக் கேட்டு மேப்பர் கையால் வரைவார். அவர் தப்பாக வரைந்தால் பார்ட்டி நிஜமாகவே வழி தவறும். அதே வருடத்து எக்ஸ்பர்ட் பெட்டியோடு வந்த 'ஐல் ஆஃப் டிரெட்' என்ற சாகசக் கதையின் தீவில், விளையாடுகிறவர்களுக்குக் கிடைக்கும் வரைபடத்தில் கரையோரம் மட்டும்தான் இருக்கும்; உள்ளே எல்லாம் வெறும் தாள். அந்த வெறுமையை நிரப்புவது ஒருவருடைய கைவேலை. இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு.

நீ விளையாடுவது 2014-இன் ஐந்தாம் பதிப்பு என்று எழுதியிருக்கிறாய். அதில் பயணம் ஏன் சப்பென்று போகிறது என்பதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது. ரேஞ்சர் என்ற காடறிந்த கதாபாத்திரத்துக்குப் பழகிய நிலத்தில், மந்திரம் குறுக்கிட்டால் ஒழிய, பார்ட்டி வழி தவறவே தவறாது. அவுட்லேண்டர், அதாவது காட்டுவெளியில் வளர்ந்தவர் என்ற பின்னணி உள்ளவர், நிலத்தில் விளைச்சல் இருக்கும்வரை, தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் சாப்பாடும் தண்ணீரும் கண்டுபிடித்துவிடுவார். 'குட்பெரி' என்ற முதல் நிலை மந்திரம் 10 பழம் தரும். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. இதற்கு மேல், 8 மணி நேரம் இரவு ஓய்வெடுத்து எழுந்தால் போன ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, அத்தனையும் திரும்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு ஓநாய்க் கூட்டம் என்றால், அந்தச் சண்டையில் யாரும் எதையும் இழப்பதில்லை. உன் நண்பர்கள் போனை எடுத்ததில் நியாயம் உண்டு.

ஆகவே தூக்கம் திருப்பித் தராத ஒன்றைத் தொட வேண்டும். அந்தப் பதிப்பிலேயே அதற்கு நல்ல கருவி இருக்கிறது: எக்ஸாஷன், அதாவது உடம்பு ஓய்ந்துபோவது. மொத்தம் 6 படி. முதல் படியிலேயே திறன் சோதனைகள் எல்லாம் கஷ்டமாகிவிடும், இரண்டாவதில் வேகம் பாதி, ஆறாவது சாவு. ஒரு முழு இரவு ஓய்வுக்கு ஒரே ஒரு படிதான் இறங்கும், அதுவும் சாப்பாடும் தண்ணீரும் கிடைத்தால். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் நடந்தால், கூடுதலான ஒவ்வொரு மணிக்கும் ஒரு சோதனை. தோற்றால் ஒரு படி. கடுங்குளிரும் அப்படியே. ஒன்பது நாள் நடந்து இரண்டாம் படியில் கோட்டை வாசலுக்கு வந்து சேர்கிற பார்ட்டி வேறு பார்ட்டி. காவலாளியிடம் அவர்கள் பேசும் தொனியே மாறிவிடும்.

அதே பதிப்பில் பலர் தாண்டிப் போகிற இன்னொரு விதி உண்டு. நடக்கும்போது வழி பார்ப்பவர், வரைபடம் போடுபவர், தடம் பார்ப்பவர், இரை தேடுபவர் யாரும் ஆபத்தைக் கவனிக்கிற கணக்கில் வரமாட்டார்கள். பழகிய நிலத்து ரேஞ்சருக்கு மட்டும் விலக்கு. வேகமாகப் போனால் நாளுக்கு 30 மைல், ஆனால் கண் மங்கும், பாசிவ் பெர்செப்ஷனில், அதாவது தானாகவே கவனிக்கும் திறனின் எண்ணில், 5 குறையும். மெதுவாகப் போனால் 18 மைல்தான், ஆனால் பதுங்கிப் போகலாம். நடுத்தரம் 24. இந்த இரண்டு விதியையும் சேர்த்துப் பார், பொறுப்புப் பங்கீடு தானாகவே வந்துவிடுகிறது. யார் கண்ணைத் திறந்து வைத்திருப்பது, யார் சாப்பாடு தேடுவது, எவ்வளவு வேகம் என்பதை அவர்களே பேசி முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் பேச்சு நடக்க நீ நேரம் கொடு. அதுதான் அந்த இரவின் முதல் காட்சி.

இதை மிக அழகாகச் செய்திருப்பது, என் பார்வையில், 'தி ஒன் ரிங்' என்ற வேறொரு கதைவிளையாட்டு. 2011-இல் முதல் பதிப்பு வந்தது. ஃபிரான்செஸ்கோ நெபிதெல்லோ வடிவமைத்தது. எங்கள் சனிக்கிழமைக் குழு இப்போது இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. கைடு (வழிகாட்டி), ஸ்கவுட் (முன்னால் போய்ப் பார்ப்பவர்), ஹன்டர் (இரை தேடுபவர்), லுக்-அவுட் (காவல் பார்ப்பவர்) என்று நான்கு பொறுப்பு. கைடு ஒருவர்தான், மற்றதைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். வழியில் ஏதாவது நடந்தால் ஆறு முகப் பகடையை உருட்டி அது யாரிடம் வருகிறது என்று பார்க்க வேண்டும்: 1, 2 என்றால் ஸ்கவுட், 3, 4 என்றால் லுக்-அவுட், 5, 6 என்றால் ஹன்டர். அந்த ஒருவர் தன் திறமையில் உருட்டுவார். ஆனால் அதனால் வரும் அலுப்பு எல்லோர் உடம்பிலும் ஏறும். அலுப்பு சுமையோடு கூட்டப்படும். உடலின் தெம்பு சுமை அளவுக்கு இறங்கிவிட்டால் 'வியரி', அதாவது களைத்துப்போன நிலை. அதன்பின் ஆறு முகப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பூஜ்யம். ஒருவர் கவனக்குறைவுக்கு ஐந்து பேர் கால் வலிக்கிறது. அங்கேதான் பார்ட்டிக்குள் உறவு உண்டாகிறது, மச்சான். எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒருவர் லுக்-அவுட் ஆனார். அன்றிலிருந்து முகாம் போடும் இடத்தை அவரைக் கேட்காமல் யாரும் முடிவு செய்வதில்லை. இன்று அவர்தான் எங்களில் அதிகம் பேசுகிறார்.

மற்ற விளையாட்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012-இல் வந்த 'டன்ஜியன் வேர்ல்ட்' மூன்றே வேலை வைக்கிறது: பாதை பிடிப்பவர், வேவு பார்ப்பவர், ரேஷன், அதாவது வழிச்சாப்பாடு, பார்ப்பவர். மூவரும் இரண்டிரண்டு பகடை உருட்டினால் முழுப் பயணமும் முடிந்துவிடும். நேரம் குறைவான இரவுக்கு நல்லது. சுவீடன்காரர்களின் 'ஃபர்பிடன் லேண்ட்ஸ்', 2018, நாளை நான்கு காலாகப் பிரிக்கிறது. அதில் உணவும் தண்ணீரும் பகடைகளாகவே இருக்கும்; 1 அல்லது 2 விழுந்தால் பகடை ஒரு படி சின்னதாகும். எத்தனை ரேஷன் மிச்சம் என்று எண்ணும் சலிப்பே இல்லை, ஆனாலும் கவலை இருந்துகொண்டே இருக்கும். இதை அப்படியே உன் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஜப்பானிலிருந்து 2007-இல் வந்த 'ரியூதாமா'வில் தலைவர், மேப்பர், சரக்குப் பொறுப்பாளர் ஆகியோருடன் பயணக்குறிப்பு எழுதுபவர் என்று ஒரு பதவியும் உண்டு. நடந்ததை எழுதி வைப்பதையும் ஒரு வேலையாக மதித்த விளையாட்டு அது.

இப்போது உன் கணவாய். 'தி ஒன் ரிங்'கின் பொறுப்புகளையே இங்கே வைத்துக்கொள். தினமும் உருட்டாதே. ஒன்பது நாளுக்கு மூன்று சம்பவம் போதும்.

ஸ்கவுட்டிடம் முதலில் போ. அவர் மட்டும் அரை மைல் முன்னால் இருக்கிறார். கயிற்றுப் பாலத்தில் நடுவே பலகைகள் இல்லை. இந்தப் பக்கம் கோவேறு கழுதைகளின் குளம்படிகள், வந்து திரும்பிப் போன தடம். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம். கயிறு கட்டி இப்போதே கடப்பதா, கீழே இறங்கித் துறை தேடி ஒரு நாளை இழப்பதா? மற்றவர்கள் வந்து சேரும்போது அவர் ஒரு யோசனையோடு நிற்க வேண்டும். அவர் முடிவு சொன்ன பிறகுதான் பகடை. தோற்றால் 'கடக்க முடியவில்லை' என்று சொல்லாதே. கடந்துவிட்டார்கள், ஆனால் கூடாரம் இருந்த மூட்டை ஆற்றோடு போயிற்று. அடுத்து இரவு, லுக்-அவுட் கீழே பள்ளத்தாக்கில் புகை பார்க்கிறார். நெருப்பை அணைத்தால் குளிர், கூடாரமும் இல்லை. அணைக்காவிட்டால் அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள். பாலத்தில் ஸ்கவுட் எடுத்த முடிவு இப்போது லுக்-அவுட்டின் கையைக் கட்டுகிறது, பார்த்தாயா? மூன்றாவதை ஹன்டருக்கு வை, ஆனால் இப்போதே எழுதி வைக்காதே. முதல் இரண்டில் என்ன தொலைந்ததோ அதிலிருந்து அது வரட்டும்.

பொறுப்பை கிளாஸோடு, அதாவது கதாபாத்திரத்தின் வகையோடு, கட்டாதே. ரேஞ்சர் இருந்தால் அவர்தான் ஸ்கவுட் என்று எல்லோரும் நினைப்பார்கள். மந்திரவாதியான விசார்டிடம் ரேஷனைக் கொடுத்துப் பார், அவருக்கு வேறு ஒரு முகம் வரும். இரும்புக் கவசம் போட்ட பாலடின் ஸ்கவுட் ஆவேன் என்று அடம்பிடித்தால் ஆகட்டும், சத்தத்துக்கான விலையைப் பார்ட்டி கொடுக்கும். அதே சமயம் உன் ரேஞ்சரின் திறமையை முடக்க ஏதாவது மந்திரமூட்டத்தைக் கிளப்பாதே. அவர் அந்தத் திறமையை ஆசைப்பட்டு எடுத்தார். வழி தவறாது என்றால் தவறாமலே போகட்டும். அவருக்கு இரண்டு வழி தெரியும் என்று சொல், இரண்டின் விலையையும் முன்கூட்டியே சொல், தேர்ந்தெடுக்க விடு. அறிவு உள்ளவருக்குக் கடினமான தேர்வு கொடுப்பதுதான் மரியாதை. ஆபத்துக்கு முன் அதன் அறிகுறியைக் காட்டுவதும் அதே மரியாதைதான். சொல்லாமல் விழுகிற பாறையில் யாருக்கும் முடிவெடுக்க எதுவும் இல்லை.

கடைசியாக, உன் மகள் விளையாட உட்காரட்டுமா என்று தயக்கத்தோடு கேட்டிருந்தாய். கட்டாயம் உட்காரட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விதிப்புத்தகம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அழிரப்பர் கொடு, அவள்தான் மேப்பர். நீ திசையையும் தூரத்தையும் நிதானமாகச் சொல், அவள் வரையட்டும். அவள் குறுக்கே கேள்வி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திப் பதில் சொல். பெரியவர்கள் ஐவரும் அவள் வரைந்த பாதையில்தான் நடக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அடுத்த கடிதத்தில் அந்த வரைபடத்தை போட்டோ எடுத்து அனுப்பு, சின்னவனிடம் காட்டுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்