சத்துவாச்சாரி சித்தப்பாவுக்கு ஒரு சராசரிக் கணக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தி பேறுகாலம் பார்க்க மகள் வீட்டுக்குப் போயாச்சு. ஆறு மாதம் வீட்டில் நீங்கள் மட்டும். இந்த நேரம் பார்த்து "உலகமெங்கும் குடும்பம் சுருங்கிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாக் குழுவுக்கும் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், அதில் இரண்டு கணக்கைப் போட்டுக் குழப்பியிருப்பதை எப்படி விட்டீர்கள்?

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்பது ஒரு கணக்கு. உலக அளவில் 1950களில் அது ஐந்தை ஒட்டி இருந்தது, 2024க்கு ஐ.நா. போட்ட மதிப்பீடு 2.25. தென் கொரியாவில் 2023ல் 0.72. தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2019-21ல் இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8.

ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. 2011ல் தமிழ்நாட்டின் 7.21 கோடி பேரை 1.85 கோடி குடும்பத்தால் வகுத்தால் 3.9 வரும். இந்தியா முழுதுக்கும் 4.9. ஜப்பானில் 2020ல் 2.21, அங்கே நூற்றுக்கு 38 வீடு ஒற்றை ஆள் வீடு. நம் சென்சஸ்காரருக்குக் குடும்பம் என்றால் ரத்தபந்தம் இல்லை, அடுப்பு. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். மாடியில் அண்ணன், கீழே தம்பி, தனித்தனி அடுப்பு என்றால் இரண்டு குடும்பம். ஆள் யாரும் குறையாமலே சராசரி பாதியாகிவிடும்.

சராசரியே ஆளை ஏமாற்றும். ஒரு தெருவில் பத்து வீடு. எட்டில் வீட்டுக்கு ஒருவர், இரண்டில் ஆறாறு பேர். மொத்தம் 20 பேர், வீட்டுக்குச் சராசரி 2. அந்தத் தெருவில் இரண்டு பேர் இருக்கும் வீடு ஒன்றுகூடக் கிடையாது! வீட்டை விட்டுவிட்டு ஆளாளாகக் கேளுங்கள், "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" எட்டு பேர் ஒன்று என்பார்கள், பன்னிரண்டு பேர் ஆறு என்பார்கள். கூட்டினால் 80, இருபதால் வகுத்தால் 4. இரண்டும் சரியான விடைதான், கேள்விதான் வேறு.

ஆறு மாதத்துக்கு உங்களுக்கு ஏற்ற வேலை இதிலேயே இருக்கிறது. நம் வம்சத்தை நான்கு தலைமுறைக்குக் கணக்கெடுங்கள். 200 பக்க நோட்டு ஒன்று, தம்பதிக்கு ஒரு பக்கம். மூத்த தலைமுறையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். இப்போது இருப்பவர்களிடம் "உங்கள் அம்மாவுக்கு எத்தனை பிள்ளை" என்று கேட்டுச் சராசரி எடுத்தால் நிச்சயம் கூடுதலாக வரும். எட்டு பெற்றவளைப் பற்றிச் சொல்ல எட்டு வாய் உண்டு, ஒன்று பெற்றவளுக்கு ஒரு வாய். பிள்ளையில்லாத அத்தையைச் சொல்ல வாயே இல்லை. அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பூஜ்யம் போடுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "எத்தனை பிள்ளைகள்?" என்றால் உயிரோடு இருப்பவர்களை மட்டும் சொல்வார்கள், சில பெரிசுகள் ஆண்பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வார்கள். கூட இருப்பவர் எத்தனை, வெளியூரில் எத்தனை, பிறந்து தவறியது எத்தனை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆணையும் பெண்ணையும் தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்க வேண்டாம். இரண்டு பிள்ளைக்கு நடுவே ஐந்தாறு வருஷ இடைவெளி இருந்தால் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கலாம், பக்குவமாக இன்னொரு தரம் கேட்கலாம். பிறந்த வருஷம் தெரியாதென்றால் பெரிய வெள்ளம், யாருடைய கல்யாணம் என்று ஏதாவது ஒன்றை வைத்து முன்னே பின்னே பிடித்துவிடலாம். காலையில் வெயில் ஏறுமுன் நோட்டு வேலை. ஆரணிக்கும் குடியாத்தத்துக்கும் போன் போடுவது சாயங்காலம் நாலு மணிக்கு. தனியாக இருப்பவருக்கு நாலிலிருந்து ஏழுதான் நகராத நேரம்.

சாப்பாடு. உங்களுக்கு ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி போதும். அதை ஐந்து லிட்டர் குக்கரில் நேரடியாகப் போட்டால் விசில் வருமுன் தண்ணீர் சுண்டி அடிப்பிடிக்கும். குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரிசியைச் சின்னப் பாத்திரத்தில் இரண்டரை பங்கு தண்ணீரோடு உள்ளே வையுங்கள். கிரைண்டரைத் தொடவே வேண்டாம்; ஒரு ஆளுக்கான உளுந்து கல்லில் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும், பொங்காது. கடை மாவு வாங்கினால் வேலூர் வெயிலுக்கு வெளியே வைத்து மறந்துவிடாதீர்கள். பொங்கியதும் பிரிட்ஜுக்குள் போக வேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் எலவம்பாடி முள்ளுக் கத்தரி கண்ணில் பட்டால் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய்தான், ஆனாலும் ஒற்றை ஆள் வீட்டில் மூன்றாம் நாள் சுருங்கித்தான் போகும்.

மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் வேண்டாம், வீட்டில்தான் வேறு யாரும் இல்லையே. முதியோர் உதவி எண் 14567ஐப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஆரணிப் பாட்டி பக்கம் முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவருக்கு ஏழு பிள்ளையா ஒன்பதா என்று வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.