மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்: உன் மகளின் வரலாற்றுத் தேர்வுத்தாள் பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். பாளையங்கோட்டைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ கொடுத்தனுப்பிய பாதாம் பருப்பை அத்தை பாதிக்கு மேல் தெருவுக்கே கொடுத்துவிட்டாள்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன். உன் பெயரும் இல்லை, பள்ளியின் பெயரும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஃபுளோரிடாவில் இருந்த மூன்று மாதமும் சாயங்காலம் உன் மகளோடு உட்கார்ந்து பாடம் பார்த்தவன் நான். வாத்தியார் புத்தி எங்கே போகும்? ஒருநாள் அவளுடைய கிறிஸ்தவப் பள்ளியில் திருத்தி வந்த வரலாற்றுத் தாளை நீட்டினாள். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கீ மக்கள் மேற்கே "போனது" பற்றி ஒரு கேள்வி. துரத்தப்பட்டது என்று இல்லை, போனது. கோடிட்ட இடத்தில் அவள் குண்டு குண்டான எழுத்தில், அந்தப் பயணத்தில் பலர் இயேசுவை அறிந்தார்கள் என்று நிரப்பியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம்.

"எத்தனை பேர் செத்தார்கள், பாப்பா?" என்றேன்.

"அது பாடத்தில் இல்லை தாத்தா."

1830-இல் சட்டம் போட்டு, 1838-இல் ராணுவத்தை வீடு வீடாக அனுப்பி, சுமார் 16,000 பேரைக் கிளப்பினார்கள். முகாமிலும் வழியிலும் நோயிலும் குளிரிலுமாக ஏறத்தாழ 4,000 பேர் செத்தார்கள். கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர்.

மதத்தின் பெருமையைத்தான் பேசவேண்டும் என்றால் அதற்கும் அந்தக் கதையிலேயே ஆள் இருக்கிறார். சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரி. செரோக்கீ மொழியில் பத்திரிகை வர உதவியவர், பைபிளை அந்த மொழிக்குக் கொண்டுவர உழைத்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் சட்டத்துக்குப் பணிய மறுத்து 1831-இல் ஜெயிலுக்குப் போனார். 1832-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. செரோக்கீகளுக்காக ஜெயிலுக்குப் போன ஒரு கிறிஸ்தவர் கண்முன் இருக்க, அவரை விட்டுவிட்டுச் சாவுக்கு மேல் பூச்சுப் பூசுவானேன்? பக்தியாகக்கூட எனக்கு அது படவில்லை.

உன் மகள் பள்ளியில் மட்டும் நடப்பது என்று நினைக்காதே. கிறிஸ்தவப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் போடும் நிறுவனங்கள், பென்சகோலாவிலிருந்து வரும் அபெகா, கிரீன்வில்லிலிருந்து வரும் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம், இந்த இரண்டின் பழைய பதிப்புகளில் என்ன இருந்தது என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. கண்ணீர்ப் பாதையைக் கொண்டு கடவுள் பலரைத் தம்மிடம் சேர்த்தார் என்றது ஒன்று. அடிமைகளைப் பெரும்பாலான எஜமானர்கள் நன்றாகவே நடத்தினார்கள் என்றது மற்றொன்று. 2018-இல் ஆர்லாண்டோ சென்டினல் நாளேடு, அரசுப் பணம் வாங்கும் பள்ளிகளில் இந்த நிறுவனங்களின் புத்தகங்கள் ஓடுவதை விரிவாக எழுதியது. அந்தப் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் காதலிக்கக்கூடாது என்ற விதியை 2000-இல்தான் எடுத்தது.

நீ சொல்வாய்: "மாமா, பள்ளி பக்கத்தில் இருக்கிறது, ஒழுக்கமாக இருக்கிறது, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் வவுச்சரில் 8,000 டாலர் கிடைக்கிறது." ஃபுளோரிடாவின் 2023 சட்டம் அதற்கான வருமான வரம்பையே எடுத்துவிட்டது, வாங்குகிறாய். வாங்கு, அது உன் உரிமை. ஆனால் அந்தப் பணம் செரோக்கீ வழிவந்தவன் கட்டிய வரியும்தான். பணம் எல்லாருடையது. மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமோ அந்தப் பள்ளிக்கு இல்லை.

நான் 31 ஆண்டு வேலை பார்த்ததும் சபை நடத்தும் பள்ளியில்தான். காலையில் ஜெபம் நடக்கும், நான் திருநீற்றோடு கடைசி வரிசையில் நிற்பேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. சம்பளம் அரசுடையது, வகுப்பில் பிரித்த புத்தகமும் அரசு அச்சடித்தது. நகராட்சிப் பள்ளிப் பையன் கையிலும் அதே புத்தகம்தான். அதில் கோளாறு இல்லையா? 2011-இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்ப் புத்தகத்தில் சில பக்கங்களை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கச் சொன்னார்கள். உட்கார்ந்து ஒட்டினோம். பையன்கள் முதல் வேலையாக அதை உரித்துத்தான் படித்தார்கள்! பத்திரிகையில் வந்தது, ஊர் சிரித்தது.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியும் யோக்கியமில்லை என்பாய். சரிதான். 2023-இல் ஃபுளோரிடா கல்வி வாரியம், அடிமைகள் கற்ற தொழில்கள் சில நேரங்களில் அவர்களுக்கே பயன்பட்டன என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்தது. என்ன ஆயிற்று? அப்போதைய துணை அதிபரே ஜாக்சன்வில்லுக்குப் பறந்து வந்து கண்டித்தார். அது பொதுப் பாடத்திட்டம், சண்டை போட இடம் இருந்தது. உன் மகளின் தாளைப் பற்றி யாரிடம் போய்ச் சண்டை போடுவாய்? வகுப்பு ஆசிரியையிடம் நீ பேசியபோது, பிடிக்கவில்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள் என்றாராமே.

இன்னொன்று. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்று ஓர் ஊர். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959-இல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது, சர்ச் கட்டடங்களிலும் வகுப்பு நடந்தது. கட்டணத்துக்கு அரசுப் பணமும் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாலைந்து வருடம் பள்ளியே இல்லை. 1964-இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் திறந்தார்கள். உன் வவுச்சரும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவும் உன் மகள் பாடத்தில் இருக்காது.

பள்ளியை மாற்று என்று கேட்கவில்லை. சனிக்கிழமை அரை மணி நேரம் அவள் புத்தகத்தை நீயே பிரித்துப் பார். நான் கிளம்பும் அன்று விமான நிலையத்தில், என் பெட்டியைத் தள்ளிக்கொண்டே அவள் கேட்டாள்: "தாத்தா, 4,000 பேர் என்றால் எங்கள் பள்ளியில் இருக்கிற எல்லாரையும்விட அதிகமா?" உங்கள் பள்ளியில் 300 பேர்தான் என்று நீ சொன்ன நினைவு. அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டாளா?

அன்புடன்,
மாமா